அறுபது பேர் கேட்ட சேதி

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணி சுமாருக்கு, சண்முகவடிவின் வீட்டுப் பின்முற்றத்தில் மட்டும் மழை பெய்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த சேலை காய்ந்தபடியே கிடக்க, தெருப்புழுதி புழுதியாகவே கிடக்க, எட்டு மாதமாக ஒரு மேகத்தைக்கூடப் பார்க்காத கருங்குளத்துப்பட்டி வானம் வெளுத்த வேட்டி மாதிரி விரிந்து கிடக்க, பதினாலு அடிக்குப் பத்தடி முற்றத்துக்குள் மட்டும் கனத்த மலைமழை இறங்கி, துவைகல்லை நனைத்து, கோழிக்கூண்டை நனைத்து, சாக்கடை வழியாகத் தெருவுக்கு ஓடி வந்தபோதுதான் ஊருணித் தெரு ஜனங்களுக்கு விஷயம் தெரிந்தது.

வடிவு அப்போதுதான் தன் தங்கை பிரமநாயகியோடு பேசிவிட்டுப் போனைக் கீழே வைத்திருந்தாள். வடிவுக்குப் புருஷன் போய் எட்டு வருஷம் ஆகிறது, ஒரே மகன் பஹ்ரைனில். பிரமு வாக்கப்பட்டுப் போனது வால்பாறைப் பக்கம், புருஷனுக்குத் தேயிலை எஸ்டேட்டில் வேலை, பிள்ளை இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறு பத்து மணிக்கு அக்காளும் தங்கச்சியும் பேசிக்கொள்வார்கள். உடம்பு எப்படி இருக்கிறது, மழையா வெயிலா, வீட்டு வேலை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்கிற மூன்றைத் தவிர அவர்கள் வேறெதையும் பேசியதில்லை, அதுவே அவர்களுக்குப் போதுமானதாகவும் இருந்தது.

அன்றைக்குப் பேசியதும் அவ்வளவுதான்.

"நாலு நாளா விடாம ஊத்துதுக்கா. துணி காயல. உப்பு டப்பாவுக்குள்ளகூட தண்ணியா நிக்கு."

"இங்க குடிக்கத் தண்ணி இல்லட்டி. உன் மழையில எனக்குக் கொஞ்சம் குடேன்."

"எடுத்துக்கோக்கா. முழுசா எடுத்துக்கோ."

அவள் எடுத்துக்கோ என்றதும் மழை வந்துவிட்டது. அடுத்த வாரம் பேசும்போது, போன ஞாயிறு போனை வைத்த கையோடு அங்கே வெயில் அடித்ததாகவும், நாலு நாள் துணியும் ஒரே மத்தியானத்தில் காய்ந்ததாகவும் பிரமு சொன்னாள். மறுபடியும் இப்போது மழை பிடித்திருக்கிறது என்றாள். அதுவும் வந்து சேர்ந்தது.

இரண்டாவது மழைக்குள் குடங்கள் வந்துவிட்டன. தெருமுனையில் மாவு மில் வைத்திருக்கும் இசக்கியம்மாள்தான் வரிசையை ஒழுங்கு பண்ணினாள். ஒரு வீட்டுக்கு மூன்று குடம், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு நாலு, சண்டை போட்டால் கடைசிக்குப் போகணும் என்று அவளே சட்டம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும் பெண்கள், "சாரல்னு சொல்லவிட்ராத, கனமழைன்னு சொல்லச் சொல்லு" என்று வடிவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பஞ்சாயத்திலிருந்து ஒருவர் வந்து முற்றத்தை நீள அகலம் அளந்து, வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்து, 'தனியார் நீராதாரம்' என்று எழுதிக்கொண்டு போனார். ஆடி மாதத்துக்குள் அது பால்காரர் வருவது மாதிரி, பள்ளிக்கூட மணி அடிப்பது மாதிரி ஆகிவிட்டது. பஹ்ரைனில் இருந்து மகன் பேசும்போது மட்டும் எதுவும் வரவில்லை. அங்கேயிருந்து வெயில் வந்திருந்தாலும் இங்கே யாருக்குத் தெரியப்போகிறது.

மகன் சொல்லி அப்போது மாடியில் ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தாள் வடிவு. கட்டியவர் கொத்தனார் மாசானமுத்து. ஊருணித் தெருவில் முக்கால்வாசி வீடு அவர் அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டிக் கட்டியதுதான். தொண்டை முழுக்கச் சிமெண்டு போனவர் மாதிரி கரகரத்த குரல், அதை வைத்துக்கொண்டு ஊரில் யார் பேசினாலும் அதே மாதிரி பேசிக் காட்டுவார். ஒரு திங்கட்கிழமை, கீழ் வீட்டில் அவர் போன வாரம்தான் பூசிய சுவரில் தரையிலிருந்து ஜன்னல் வரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது நம்ம ஊரு வெடிப்பு இல்ல. கரிசல்ல சுவரு இப்படி வெடிக்காது. இது ஈரத்துல சரியுத மண்ணு."

தங்கை வீட்டுச் சமையல்கட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்திருப்பதாக முந்தின நாள் சொன்னது வடிவுக்கு ஞாபகம் வந்தது. அதை மாசானமுத்துவிடம் சொன்னாள். வால்பாறை வெடிப்பைக் கருங்குளத்துப்பட்டி சிமெண்டு வைத்து அடைத்தார்.

மழையும் வெடிப்பும் வந்த வழியிலேயே முழங்கால் வலியும் வந்தது. "மேட்டுல ஏறி இறங்கி இடது முட்டி வீங்கிப்போச்சுக்கா" என்று பிரமு சொன்னதுதான் தாமதம், வடிவு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூன்று வாரம் நொண்டினாள். மலைமேல் தங்கச்சி கல்யாணம் ஆகாத பெண் மாதிரி ஓடித் திரிந்தாள். நாலாவது வாரம்தான் பிரமுவுக்குப் புரிந்தது.

"என் காலை நீ வாங்கிக்கிட்டியா?"

"ஒரு காலுதானட்டி."

"இனிமே என் உடம்பைப் பத்தி உன்கிட்டப் பேசவே மாட்டேன்" என்று அழுதாள் பிரமு. ஆனாலும் இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா? ஆவணியில் ஒரு ஞாயிறு, வடிவு கையில் மாவோடு இருந்ததால் போனைத் திண்டில் வைத்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், சுற்றி முப்பது பேர் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள், அந்தப் பக்கம் பிரமு தன்னை மறந்து, "நாலு நாளாக் காய்ச்சல், இன்னிக்குத்தான் எந்திரிச்சேன், இன்னும் விடல" என்று சொல்லிவிட்டாள். முப்பது பேருக்கும் மூக்கு நுனியில் ஒரு சூடு வந்தது. முப்பது பேரும் ஒரு தும்மல் தும்மினார்கள். குடம் நிறைவதற்குள் அது போய்விட்டது.

"இவ்வளவுதானா?" என்றாள் இசக்கியம்மாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. எல்லோரும் சிரித்தார்கள்.

புரட்டாசிக்குப் பிறகு பிரமுவின் பேச்சு சுருங்கிவிட்டது. நல்லாருக்கேன் என்பாள். மழை பெய்யுது என்பாள். வீடு அப்படியே இருக்கு என்பாள். மழையும் வரத்தான் செய்தது, ஆனால் மெலிந்து வந்தது, வெதுவெதுவென்று வந்தது, குடத்தில் பிடித்தால் மூடிவைத்த பானைத் தண்ணீர் மாதிரி ஒரு வாடை அடித்தது. மாடி வேலைக்குக் கட்டியிருந்த சாரத்திலிருந்து இறங்கி வந்த மாசானமுத்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார், வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து துப்பினார்.

"இது ஆடி மாசத்து மழை, தங்கச்சி. அந்தப் பிள்ளை மழையைப் பாத்துச் சொல்லல. ஞாபகத்துல இருந்து சொல்லுது. அது எங்கயோ மழை தெரியாத இடத்துல படுத்துக் கிடக்கு."

வடிவு அன்றைக்கே பஸ் ஏறினாள். வழியில் தங்கையின் புருஷனிடம் போனில் விடாமல் கேட்டுக் கேட்டு இடத்தைத் தெரிந்துகொண்டாள். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் பிரமு கிடந்தாள். கை கால் எல்லாம் குச்சியாகி, வயிறு மட்டும் ஊதியிருந்தது. வலது விலாவுக்குக் கீழே கட்டி, தேங்காய் அளவு, அறுக்க முடியாத இடம், தைப்பொங்கல் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதைப் பிரமுவே அக்காளின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நேரில் சொன்ன சொல் நேரிலேயே நின்றுவிட்டது. வடிவு தன் விலாவை அழுத்தி அழுத்திப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை.

"போன்ல சொல்லுட்டி."

"உன்னைக் கொன்னுட்டு நான் இருக்கவா?"

"நான் ஒருத்தி இல்ல. தெருவே கேக்கும். காய்ச்சல் என்னாச்சு? ஒரு தும்மலாப் போச்சுல்லா. இதுவும் பிரிஞ்சா ஆளுக்கு ஒரு கொப்புளம், ஒரு பரு."

பிரமு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "மழைக்குக் குடம் கொண்டு வந்தவுக, இதுக்கு என்னத்தக்கா கொண்டு வருவாக?"

வடிவு அன்று முழுக்க அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. கெஞ்சினாள், ஏசினாள், சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்தாள். கடைசியில் பிரமு சொன்னாள், "அறுபது பேர் வந்தா சொல்லுதேன். ஒவ்வொருத்தரா அவுக வாயாலயே பேரைச் சொல்லணும். நான் எண்ணுவேன். ஒருத்தர் குறைஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

அறுபது பேர் வடிவுக்குப் பெரிய எண்ணிக்கையாகவே தோன்றவில்லை. எழுபது பேர் மழைக்கு வந்த நாளெல்லாம் உண்டு. ஊருக்குத் திரும்பி வந்து வெள்ளியும் சனியும் அவள் படி ஏறாத வீடு இல்லை. இன்னதுதான் நோய், இன்னதுதான் கேட்கிறேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். பாவம் என்றார்கள், கண்ணைத் துடைத்தார்கள், கண்டிப்பா வாரோம் என்றார்கள் சிலர், வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள் சிலர். இசக்கியம்மாள் மட்டும் மில் சத்தத்தை நிறுத்திவிட்டு நேராகச் சொன்னாள்.

"காய்ச்சல்னா போயிரும். இது போகாது வடிவு. ரெண்டு பொம்பளப்பிள்ளை நிக்கு எனக்கு. நாளைக்கு அதுகளுக்கு மாப்பிள்ளை பாக்க வாரவன், உங்கம்மைக்கு விலாவுல என்ன கட்டின்னு கேப்பான். கோவிச்சுக்கிடாத."

வடிவு கோபித்துக்கொள்ளவில்லை. அவள் இடத்தில் நாம் இருந்தால் வந்திருப்போமா என்று நினைத்துப் பார்த்தபடியே வீட்டுக்கு நடந்தாள்.

ஞாயிறு காலையில் பதினொரு பேர் வந்தார்கள், வடிவையும் சேர்த்து. மாசானமுத்தும் அவர் மனைவி பேச்சித்தாயும், அவரோடு வேலை பார்க்கும் இரண்டு சித்தாள் பெண்களும், கண் தெரியாத ஒரு பெரியவரும், வேறு ஐந்து பேரும். முற்றம் பெரிதாகத் தெரிந்தது. தெருவில் எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது, ஆனால் எந்த வீட்டிலும் அடுப்புச் சத்தமோ டிவி சத்தமோ இல்லை. எல்லோரும் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் பிரமுவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"எத்தனை பேருக்கா?"

"முத்தத்துல இடம் கொள்ளலட்டி" என்றாள் வடிவு.

"பேரைச் சொல்லச் சொல்லு."

பதினொரு பேரும் பேரைச் சொன்னார்கள். இன்னும் நாற்பத்தொன்பது பேர் வேண்டும். வடிவு வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் எந்தக் குரலில் பேசினாலும் தங்கை கண்டுபிடித்துவிடுவாள், அந்தக் காதுக்குத் தெரியாத குரல் ஒன்றுகூட அவளிடம் இல்லை. அப்போது மாசானமுத்து எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, மெல்லிய மூக்குக் குரலில் "சங்கரபாண்டி" என்றார். அது இசக்கியம்மாள் புருஷன் பேர், அவர் பேசுவதும் அப்படித்தான். சித்தாள் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஆளுக்கு இன்னொரு பேர் சொன்னார்கள். பேச்சித்தாய் மேலும் இரண்டு சொன்னாள். பெரியவர் தன் செத்துப்போன தம்பிகள் நாலு பேரின் பேரைச் சொன்னார். மாசானமுத்து தெருவின் கிழக்கு மூலையிலிருந்து ஆரம்பித்து, தான் கட்டிய வீடுகளின் வரிசையிலேயே, ஒவ்வொரு வீட்டு ஆம்பளை பேரையும் அவனவன் குரலில் சொல்லிக்கொண்டே போனார், தடித்த குரல், கீச்சுக்குரல், திக்குவாய்க் குரல், பேச்சித்தாய் அவர் தொடையில் கிள்ளினாள், கிள்ளிய கையைப் பிடித்து வைத்துக்கொண்டு மேலும் சொன்னார். அறுபதாவது பேர் அவர் வாயிலிருந்துதான் வந்தது. சொந்தப் பேரையும் சேர்த்து அவர் மட்டும் நாற்பத்திரண்டு.

அந்தப் பக்கம் அறுபது என்று எண்ணி முடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு பிரமு சொல்ல ஆரம்பித்தாள். எப்போது முதலில் வலித்தது, அதைச் சோறு செரிக்காத வலி என்று நினைத்தது, கஷாயம் குடித்தது, கட்டி கைக்குத் தட்டுப்பட்ட அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதது, இரவும் பகலும் அது உள்ளே கனப்பது, சாவதற்குப் பயமாக இருப்பது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல முற்றத்தில் இருந்தவர்களின் வலது விலாவில் எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக்கு விழுந்தது. ஒரு பேர் சொன்னவர்களுக்கு ஒன்று. மூன்று பேர் சொன்ன பேச்சித்தாய்க்கு மூன்று. மாசானமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

கோயம்புத்தூர் டாக்டர்கள் மறுபடி படம் எடுத்து, பழைய படத்தையும் புதுப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கட்டியைக் காணோம் என்று எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் இசக்கியம்மாள் ஓடிவந்து, "என் வீட்டுக்காரர் பேரை எதுக்குவே சொன்னீரு?" என்று மாசானமுத்துவிடம் சண்டைக்கு நின்றாள். "பேரைத்தான சொன்னேன், ஆளைக் குடுக்கலையே" என்றார் அவர். பேர் சொல்லப்பட்டவர்கள் எல்லாம் பத்து நாள் விலாவைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு வெட்கத்தில் அவர்களுக்குத் தலை நிமிரவில்லை. கார்த்திகையில் பிரமு கண்ணால் பார்த்துச் சொன்ன நல்ல மழை முற்றத்தில் இறங்கியபோது ஒரு குடமும் வரவில்லை. வடிவு வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்டாள். தண்ணீர் சாக்கடையில் ஓடி வீணாயிற்று.

மற்றப் பத்துப் பேருக்கு விலாவில் ஒரு நெல் அளவும் இரண்டு நெல் அளவுமாக வந்த கட்டி அப்படியே நின்றது. மாசானமுத்துவுக்கு நிற்கவில்லை. மார்கழியில் சாரத்தில் ஏற முடியாமல் கீழே உட்கார்ந்து சித்தாள்களுக்குக் கை காட்டினார். தையில் உட்கார முடியவில்லை. வடிவு போனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அந்தப் போனில் கேட்டது அந்தப் போனிலேயே திரும்பிப் போகும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

"அண்ணாச்சி, அவகிட்டயே திருப்பிச் சொல்லிருங்க. போட்டுத் தாரேன்."

பேச்சித்தாய் அவர் முகத்தையே பார்த்தாள். "சொல்லும்" என்றாள். "உம்ம காலைப் பிடிக்கேன், சொல்லும்."

மாசானமுத்து கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "நான் நாப்பத்திரெண்டு பேரு தங்கச்சி. அந்தப் பிள்ளை ஒத்தையில இருக்கு."

வடிவு போனை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் மாட்டேன் என்றபோது தன் நெஞ்சுக்குள் ஓர் ஆறுதல் இறங்கியதை அவள் கவனித்தாள். பேச்சித்தாயும் அதைக் கவனித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வடிவோடு பேசவில்லை.

மாசி பிறந்த மூன்றாம் நாள் அவர் போனார். யார் யார் பேரை அவர் சொன்னாரோ அத்தனை பேரும் வந்தார்கள், தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கினார்கள். மாடி அறைச் சுவர் ஜன்னல் மட்டத்தோடு நின்றது. வேறு கொத்தனாரைக் கூப்பிட வடிவுக்கு மனசு வரவில்லை.

ஞாயிறு தவறாமல் பிரமு பேசினாள். எல்லோரும் நல்லாருக்காகளா என்று கேட்பாள். நல்லாருக்கோம் என்பாள் வடிவு. பொய்க்கு எடை இல்லை, அது எந்தப் பக்கமும் போகவில்லை, வடிவின் வாயிலேயே தங்கியது.

காரியம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்குப் பேச்சித்தாய் வந்து முற்றத்தில் உட்கார்ந்தாள். வா மதினி என்றாள் வடிவு, அவள் திண்டில் இருந்த போனையே பார்த்தாள். போன் அடித்தது. பழக்கத்தில் கை ஸ்பீக்கரை அழுத்திவிட்டது.

உடம்பு தேறிவிட்டது, ரெண்டு கிலோ கூடியிருக்கேன், சமையல்கட்டுக்கு வெள்ளையடிக்கோம் என்றெல்லாம் சொன்ன பிரமு, கொஞ்சம் நிறுத்தி, "அக்கா, அன்னிக்கு ஒருத்தர் பேசினாகளே, கரகரன்னு குரலு" என்றாள். "மாத்தி மாத்திப் பேசினாலும் அடியில அந்தக் கரகரப்பு இருந்துச்சுக்கா. எனக்கு அப்பவே கேட்டுச்சு. கேட்டும் சொல்லிட்டேன். சாகப் பயந்துட்டேன். அவுக எப்படி இருக்காக? அவுககிட்டப் போனைக் குடு."

வடிவு பேச்சித்தாயைப் பார்த்தாள். பேச்சித்தாய் எழுந்து வந்தாள். அவள் கையில் போன் போனபோது வடிவு தடுக்கவில்லை. அவள் அழுது சொன்னால் போதும், பதினெட்டு நாளாகச் சோறு இறங்காத துக்கம் முழுக்க அவளை விட்டுக் கழன்று மலையேறிப் பிரமுவிடம் போய்விடும். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. அதற்குத்தான் வந்திருக்கிறாள் என்று வடிவு நினைத்தாள், வந்ததில் தப்பில்லை என்றும் நினைத்தாள்.

பேச்சித்தாய் போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் அவுக வீட்டுக்காரிம்மா பேசுதேன்" என்றாள். "இருக்காக. மேல சாரத்துல நிக்காக. கை பூரா சிமெண்டு."

"கூப்பிட வேண்டாம், கூப்பிட வேண்டாம்" என்றாள் பிரமு அவசரமாக, அழுகையும் சிரிப்புமாக. "நேரத்துக்குச் சாப்பிடுதாகளா?"

"சாப்பிடுதாக."

"நான் கேட்டேன்னு சொல்லுங்க."

"சொல்லுதேன்" என்று சொல்லிப் போனை வடிவிடம் கொடுத்துவிட்டு, பேச்சித்தாய் வாசலைப் பார்த்து நடந்தாள்.